கண்ணுக்குள் எடுத்த படம்

எங்கள் மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆள் முதலில் வருவார். முகம் பிறகுதான் வரும். பனிக்குள் ஒரு குடை தெரியும், ஒரு கம்பளி தெரியும். கிட்டே வந்த பிறகு மூக்கும் மீசையும் ஒவ்வொன்றாகத் தோன்றி, "தோத்திரமுங்க" என்று வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் பனிக்குள் கரைந்துவிடும். ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. அதனால் என் மனைவி ஒரு காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, இந்த வருசம் பனி ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு" என்று சொன்னபோது, ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு காபி எஸ்டேட்டின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். பழத்தோல் உரிக்கிற மெஷின், களத்தில் காய்கிற கொட்டை, மூட்டை, அதோடு என் உலகம் முடிந்தது. அவள் மிஷன் பெண்கள் பள்ளியின் ஹாஸ்டலில் சமையல் செய்தாள். இரண்டு பேருக்கும் எட்டாவதுக்கு மேல் படிப்பு இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகு எஸ்டேட் லைன் வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையும் மாலையும் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம், மற்ற நாளெல்லாம் வேலை என்று ஆண்டவர் எங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தார்.

அவள் சோறு பரிமாறுகிறபோது தட்டைப் பார்க்க மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். கை தானாக அளந்து போடும். எந்தப் பிள்ளைக்கு வீட்டு நினைப்பு, எது காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது, எது பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிடும். ராத்திரி என்னிடம் சொல்லுவாள். "அந்தக் கடைசி பெஞ்சு கண்ணுக்கு இன்னிக்கு மனசு செரியில்லீங்க. ஒரு கரண்டி ரசம் சேத்து ஊத்துனேன்" என்பாள். எனக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைக்கூடத் தெரியாது. ஆனால் எல்லோருடைய முகமும் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தது.

பனி என்று அவள் சொன்ன பிறகு வந்த வாரத்தில் ஒரு நாள், வேலையிலிருந்து வந்தவள் முந்தானையைக்கூட அவிழ்த்து உதறாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள?"

"ஒரு புள்ளைய இன்னொரு புள்ளைன்னு நெனச்சுப் பேசிட்டனுங்க. 'உங்கப்பா எப்புடி இருக்காரு கண்ணு'ன்னு கேட்டுட்டேன். அந்தப் புள்ளைக்கு அப்பா இல்ல. செத்துப்போயி ஆறு மாசங்கூட ஆகல. எனக்குத் தெரியாதா என்ன? மூஞ்சி தெரியலீங்க. மூஞ்சி இருக்கற எடத்துல பொகை மாதிரி நிக்குது."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலது கண் ரொம்ப நாளாகவே மங்கல். பஜாரில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் புரை என்று சொன்னார், முற்றட்டும் என்று இருந்துவிட்டோம். இப்போது இடது கண்ணில் புதிதாக ஒன்று. அடுப்படி ஜன்னலில் கோழி வலை அடித்திருந்தோம். அந்த வலையின் கட்டங்கள் நடுவில் மட்டும் சுருங்கித் தெரிகிறதாம், யாரோ விரலை விட்டு இழுத்தது போல. காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் இடுப்பை வளைத்து நிற்கிறதாம். "அழகாத்தானுங்க இருக்குது, ஆடற மாதிரி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நிதானமான மனிதர். மருந்து விட்டு, விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தே பேசினார்.

"அம்மா, இது புரை இல்லீங்க. கண்ணுக்குப் பின்னால ஒரு திரை இருக்குது. அதுக்கு நடுவுல ஒரு சின்னப் புள்ளி. மூஞ்சி பாக்கறது, எழுத்துப் படிக்கறது எல்லாம் அந்தப் புள்ளிதான். வயசானா சிலருக்கு அந்த எடம் தேஞ்சு, அதுக்கு அடியில வேண்டாத ரத்தக் குழாய் மொளைச்சுக் கசியும். வலது கண்ணுல அது வந்து தழும்பாயி முடிஞ்சுபோச்சு. இடதுல இப்பத்தான் ஆரம்பிக்குது."

"முழுக்கக் குருடாயிருவனுங்களா?"

"இல்லம்மா. செவுரு தெரியும், கதவு தெரியும், ரோடு தெரியும். பாக்கற எடம் மட்டும் காணாமப் போயிரும்."

"அப்ப மூஞ்சி?"

டாக்டர் கையிலிருந்த விளக்கை மேசையில் வைத்தார். "மூஞ்சிதான் மொதல்ல போகும்" என்றார்.

லேசர் என்று ஒரு வெளிச்சம் இருக்கிறதாம். அதை வைத்து அந்தக் குழாயைச் சுட்டுவிடலாம். ஆனால் சுட்ட இடம் சுட்டதுதான், அந்த இடத்துக்கு மறுபடி பார்வை வராது. நடுப் புள்ளியைவிட்டு எட்டத்தில் குழாய் இருந்தால் சுடலாம், கிட்டே இருந்தால் ஆபத்து, அடியிலேயே இருந்தால் சுடுவதே பார்வையை எடுத்துவிடும். அதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் ஒரு மஞ்சள் மருந்தை ஏற்றி, அது கண்ணுக்குள் ஓடுகிறபோது படம் எடுக்க வேண்டும். "படத்தப் பாத்தாத்தான், சுட்டா என்ன ஆகும், எந்தப் பக்கம் கெடும், மறுபடி எங்க வரும்னு என்னால முன்னாலயே சொல்ல முடியும். படம் இல்லாம சுடறது இருட்டுல கல்லு வீசற மாதிரிங்க" என்றார்.

அப்போதே படம் எடுக்கிற அறைக்கு அனுப்பினார். நான் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே படம் எடுக்கிற பெண்ணின் குரல் கேட்டது. எங்கள் மகள் வயது இருக்கும்.

"அம்மா, மோவாய இதுல வெச்சுக்கங்க. கண்ண நல்லா அகலமாத் தொறந்து, இந்த வெளக்கையே பாக்கோணும். மருந்து ஏறுன உடனே படபடன்னு எடுப்பேன். அந்த மொதக் கொஞ்ச நேரந்தானுங்க முக்கியம். சரிங்களா?"

"சரிங்க கண்ணு."

"ஊசி போடறாங்க, பயப்படாதீங்க."

பிறகு அந்தப் பெண் பதறினாள்.

"அம்மா... அம்மா, கண்ணு! கண்ணத் தொறங்க! ஐயோ, மருந்து ஏறிட்டிருக்குதுங்க! சிஸ்டர், அந்த இமையத் தூக்குங்க... தூக்குனா வெள்ளை முழிதான் வருது! அம்மா!"

முணுமுணுப்புதான் கேட்டது. அந்த முணுமுணுப்பு எனக்கு முப்பது வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரி இடிந்து விழுந்தாலும் அது ஆமென் வரை போய்த்தான் நிற்கும். நான் எழுந்து திரையருகே போவதற்குள் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"...பிதாவே, ஆமென். ஆங், இப்ப எடுத்துக்கங்க கண்ணு."

"என்னங்கம்மா இப்புடிப் பண்ணிட்டீங்க!"

"ஊசி போட்டீங்களே சாமி. ஜெபம் பண்ணாம எப்புடி?"

எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புரியும். ஞாயிறு பள்ளியில் டீச்சர் "ஜெபம் செய்வோம்" என்று சொன்னதும் கண்ணை மூட வேண்டும். எவனாவது இடுக்கில் பார்த்தால் குச்சி பேசும். கண் திறந்திருந்தால் மனசு அலையும், மனசு அலைந்தால் ஜெபம் ஆகாது என்று அந்த வயதிலேயே உள்ளே இறங்கிவிட்டது. பேறுகாலத்தில் ஜெபம், பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறபோது ஜெபம், ஊசி என்றால் ஜெபம். ஜெபம் என்றால் இமை தானாக விழும்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் படச்சுருளை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நிலா. அதில் மேலும் கீழும் வளைந்து போகிற கோடுகள், மலைப் பாதையை உயரத்திலிருந்து பார்ப்பது போல. நடுவில் ஏரியில் பனி படிந்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. என் மனைவியின் கண்ணுக்குள் இவ்வளவு பெரிய ஊர் இருக்கிறதா என்று நான் மலைத்து நின்றேன்.

"இது பிந்தி எடுத்த படமுங்க. அதுக்குள்ள மருந்து கசிஞ்சு பரவிருச்சு. கொளத்துல மை கலங்குன மாதிரி. மை எங்கிருந்து வந்துச்சுன்னு இதுல தெரியாது. மொதல்ல எடுத்துருந்தா அந்தக் கொழாயே வலை மாதிரி தெரிஞ்சிருக்கும். அதோட ஓரம் எங்க, நடு எங்கன்னு சொல்லிருப்பேன்." அவளைப் பார்த்துச் சிரித்தார். "இத வெச்சு என்னால சுட முடியாதும்மா. அடுத்த வாரம் வாங்க, தள்ளிப் போடாதீங்க. இது ஓடற நோயி."

சாயங்கால பஸ்ஸில் மலை ஏறினோம். அடிவாரம் தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். விழியை விரிக்கிற மருந்து இன்னும் இறங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெயில் பஸ்ஸுக்குள் தண்ணீராகக் கொட்டுகிறது, எல்லோரும் அதில் மிதக்கிறார்கள் என்று சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். மருந்து உடம்பெல்லாம் ஓடி, அவள் கன்னம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாகியிருந்தது. சாய்ந்த வெயிலில் கல்யாணத்தன்று நலங்கு வைத்த பெண் போல இருந்தாள். மனம் கலங்கியிருந்த நேரத்திலும் அது எனக்கு அழகாக இருந்தது. ஆண்டவருக்குத் தெரியும்.

லைனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். அவளுடைய தாத்தா காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து மேலே வந்த குடும்பம். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அதட்டுவது தங்கை மாதிரி இருக்காது.

"அடியாத்தீ! என்னங்கண்ணா, கண்ணு டாக்டருகிட்ட கூட்டிப்போயி காமாலைய வாங்கிட்டு வந்துருக்கீங்க?"

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடைப் பக்கம் போய்க் கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அரைத்து மோரில் கலந்து குடிக்க வைத்த பிறகுதான் கதை கேட்க உட்கார்ந்தாள். மறுநாள் மஞ்சள் போய்விட்டது. கீழாநெல்லியால்தான் போனது என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கு வரை அவளிடம் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் கதையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்க அக்கா, சாமி கும்புடறப்ப எதுக்குக் கண்ண மூடறீங்க? நாங்க சேர்வராயன் கோயிலுக்குப் போறோம். அம்மாந்தூரம் ஏறிப் போயி, குகைக்குள்ள குனிஞ்சு நொழைஞ்சா ஒரே இருட்டு. முழிச்சு முழிச்சுப் பாத்தாத்தான் சாமி தெரியும். கற்பூரம் காட்டற நேரத்துல கண்ண மூடிட்டு வந்தா சாமி என்ன நெனைக்கும்? 'இவ என்னப் பாக்க வந்தாளா, தூங்க வந்தாளா'ன்னு கேக்காதா?"

"உங்க சாமி வேற, எங்க சாமி வேற புள்ள."

"இருக்கட்டும். உங்க சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்க கண்ணத் தொறந்து வெச்சிருந்தா அவருக்குக் கேக்காதா? காது இல்லியா?"

பக்கத்து வீட்டுக்காரி மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு என் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, கண்ணத் தொறந்துட்டுப் பண்ணுனா அது ஜெபமாகுமுங்களா?"

எனக்கு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடச் சொன்னது ஞாயிறு பள்ளி டீச்சர். ஆண்டவர் சொன்னதாக எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. "பண்ணிப் பாக்கலாம் புள்ள" என்றேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு ஜெபம் ஒரு வேடிக்கையாக இருந்தது. எதிரெதிரே பாயில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம். "அன்பின் ஆண்டவரே" என்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு ஜெபம் வர மாட்டேங்குதுங்க. நீங்க திரும்பி உக்காருங்க" என்பாள். திரும்பி உட்கார்ந்தால், "இப்ப முதுகு தெரியுது, சட்டைல கிழிசல் தெரியுது" என்பாள். பிறகு சிம்னி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டோம். அந்தத் திரியைப் பார்த்துக்கொண்டே, இமைக்காமல், கண்ணீர் வழிய வழியப் பழகினாள். வெளியே பனி ஜன்னலைத் தடவிக்கொண்டிருக்கும். விளக்கு அவள் பார்வையில் வளைந்து நெளிந்து ஆடியிருக்கும். அவள் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "மூஞ்சிய மட்டும் விட்டுருங்க ஆண்டவரே. மத்ததெல்லாம் கையால தடவிக் கண்டுக்குவேன்."

இரண்டாவது முறை போகிற நாளில் ராத்திரி மழைக்கு மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுபோனது. போகாமல் இருக்க முடியாது. டாக்டர் சொன்ன 'ஓடற நோயி' என்ற சொல் என் காதிலேயே இருந்தது. எஸ்டேட் ஜீப் ஒன்று குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்குகிறது என்று தெரிந்து, கணக்கு எழுதுகிற ரைட்டரைக் கேட்டு அதில் தொற்றிக்கொண்டோம். மரங்களுக்கு நடுவே மேகத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தோம். கீழே ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுகக் கண்ணைத் திறந்து வைத்தே உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள்.

படம் எடுக்கிற பெண் எங்களைப் பார்த்ததும் கும்பிட்டாள். "அம்மா, இன்னிக்கு ஆமென் வரைக்கும் சொல்லி முடிச்சுட்டு உள்ள வாங்க."

"இல்ல கண்ணு. சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். ஆனா தொறந்து வெச்சுருப்பேன். நீங்க எடுங்க."

அன்று என்னையும் திரைக்குள் ஓரமாக நிற்க விட்டார்கள். இருட்டறை. கேமராவிலிருந்து நீல வெளிச்சம் அவள் கண்ணில் மட்டும் விழுந்தது. கையில் ஊசி ஏறியதும் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. இமை துடித்தது. துடித்த இமை விழவில்லை. பளீர் பளீர் என்று வெளிச்சம் அடித்தது, கேமரா சடசடத்தது, அவள் கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கி மோவாய்க்கட்டையில் சொட்டியது. "அப்புடித்தான், அப்புடித்தானுங்கம்மா, என் தங்கம்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே எடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு என் மனைவி ஒரு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் செகப்பா, ரோசாத் தோட்டம் மாதிரி இருக்குதுங்க. நீங்க எங்க நிக்கறீங்க?" என்று கேட்டாள்.

இந்த முறை படத்தில் வலை தெரிந்தது. பிடுங்கின காபி நாற்றின் சல்லி வேர் போல மெல்லிய வெள்ளை இழைகள். அதற்குக் கீழே, கறுப்பாக, தொடாமல், நடுப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. டாக்டர் பூதக்கண்ணாடியைக் கொடுத்து எங்களையும் பார்க்கச் சொன்னார்.

"சுடலாமுங்க. ஆனா என்ன ஆகும்னு இப்பவே சொல்லிடறேன், பின்னால என்னத் திட்டக் கூடாது. கொழாய் நடுவுக்கு மேல்பக்கம் இருக்குது. கண்ணுக்குள்ள மேல இருக்கறது பார்வைல கீழ. அதனால ஒருத்தர் மூஞ்சியப் பாத்தீங்கன்னா, மூஞ்சி தெரியும். தாடைக்குக் கீழ ஒரு மேகம் நிக்கும். அது போகாது. படி எறங்கறப்ப பாத்து எறங்கோணும்."

"மூஞ்சி தெரியுமில்லீங்களா?"

"தெரியும். இன்னொண்ணு. இந்த ஓரம் பாருங்க, நடுவப் பாத்துட்டு இருக்கற ஓரம். மறுபடி மொளைச்சா பெரும்பாலும் இந்தப் பக்கத்துலருந்துதான் மொளைக்கும். வராமயும் இருக்கலாம். வந்தா நடுவுக்குத்தான் போகும். அதனால மாசம் தவறாம வந்து காட்டோணும்."

அன்றைக்கே சுட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வாசலில் உட்கார்ந்திருந்த என்னை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன புள்ள?"

"உங்களுக்குக் கழுத்து இல்லீங்க. தலை தனியா மேகத்து மேல உக்காந்துருக்குது."

டாக்டர் சொன்னது சொன்னபடியே இருந்தது. அந்த மேகத்தோடு அவள் குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள். தட்டில் சோறு போடுகிறபோது விளிம்பைக் கட்டைவிரலால் தொட்டுக்கொள்வாள். ஒரு தடவை, சபைக்குப் புதிதாக மாற்றலாகி வீட்டுக்கு வந்த போதகர் ஐயாவின் வெள்ளைக் காலர் மேகத்துக்குள் போய்விட, யாரோ ஜீப் டிரைவர் என்று நினைத்து "அண்ணன் எந்த எஸ்டேட்டுங்க?" என்று கேட்டுவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆண்டவரோட எஸ்டேட்டுங்கம்மா" என்றார். ஹாஸ்டல் பிள்ளைகளின் முகங்கள் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வந்தன. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது அவள்தான் முதலில் பார்த்து, "உங்க மூக்கு, பாவம்" என்றாள்.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. மாதம் தவறாமல் போனோம். படம் எடுக்கிற பெண், புதிதாக வருகிறவர்களுக்கு இவளைக் காட்டி, "இந்தம்மா மாதிரி தொறந்து வெச்சுக்கோணும்" என்று சொல்லுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

மூன்றாம் வருஷம் காபி பூத்த சமயம். மழை பெய்து மலை முழுக்க வெள்ளைப் பூ, மூச்சு விட்டால் மல்லிகை மாதிரி வாசனை. காலையில் காபித் தம்ளரை என்னிடம் நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"உங்க மூக்கு கோணுதுங்க."

அன்றைக்கே கீழே இறங்கினோம். படம் எடுத்தார்கள். டாக்டர் வெகுநேரம் பெட்டி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். அவர் சொன்ன அதே ஓரம்தான். அங்கிருந்து முளைத்து நடுப் புள்ளிக்கு அடியிலேயே போய்விட்டது. அவர் எதையும் ஒளிக்கவில்லை.

"இப்ப சுட்டா நடுவத்தான் சுடோணும். சுட்ட உடனே மூஞ்சி போயிரும். ஆனா அந்த இருட்டு அவ்வளவோட நின்னுக்கும், பெருசாகாது. சுடாம விட்டா கொஞ்சங் கொஞ்சமா, மாசக்கணக்குல போகும். கடைசில இருட்டு நொம்பப் பெருசா இருக்கும். ரெண்டுமே கஷ்டந்தானுங்க. நீங்கதான் சொல்லோணும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்ன இருட்டு நல்லது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. வயதான காலத்தில் நடமாட வேண்டுமே. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் யோசிக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். ஜெபம் நடக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சுட வேண்டாமுங்க" என்றாள். "போறது போகட்டும். மாசக்கணக்குல போகும்னு சொன்னீங்களே, அந்த மாசமெல்லாம் எனக்கு வேணும்."

டாக்டர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்.

பிறகு அவள் செய்ததெல்லாம் பார்த்ததுதான். மகளையும் பேரனையும் வரவழைத்துக் கோடை முழுக்க வைத்துக்கொண்டாள். விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ஒவ்வொருத்தியையும் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துப் பார்த்தபோது, அதட்டல்காரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயம் முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்து படகில் போகிற யார் யாரோ முகத்தையெல்லாம் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்குக் கன்னத்துல குழி விழுது பாருங்க" என்பாள். நான் பார்ப்பதற்குள் படகு திரும்பியிருக்கும். வாரத்துக்கு வாரம் அவள் கிட்டே கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தை நேரே பார்க்காமல் காதோரமாகப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். நான் ஆண்டவரிடம் ஏன் என்று கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டேன். ஆனால் அவள் கேட்டு நான் பார்க்கவில்லை.

மழை விட்ட ஒரு காலை. வாசலில் முக்காலி போட்டு, கண்ணாடியைத் தூணில் மாட்டி, முகம் முழுக்க சோப்பு தடவிக்கொண்டு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் நெற்றி, புருவம், காது என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "வேலைக்கு நேரமாச்சு புள்ள. இத்தன வருசமா பாத்த மூஞ்சிதானே?"

"இருங்க" என்றாள். "இன்னும் பாத்து முடிக்கல."

சோப்பு கன்னத்தில் காய்ந்து இழுத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக விழும்படி முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.